கடலுக்கும் எடை குறையும் இடம்

என் முப்பத்துநான்கு ஆண்டுப் பணிக்காலத்தில் நாலாயிரம் கப்பல்களைக் கவிழ்த்திருக்கிறேன். எண்ணிக்கையைச் சரிபார்க்க நினைப்பவர்கள் வேறு வேலை இருந்தால் போய்ப் பார்க்கலாம். எண்ணெய்க் கப்பல், பயணிகள் கப்பல், கார் ஏற்றும் கப்பல் என்று எல்லாமே என் கண் முன்னால் குப்புற விழுந்தவைதான். எதுவும் என் உயரத்தைத் தாண்டியதில்லை என்பது வேறு விஷயம். கப்பலைக் கட்டுவதற்கு முன் அதைப்போலவே சின்னதாக ஒன்று செய்து, நீளமான தொட்டியில் மிதக்கவிட்டு, அலையும் காற்றும் கிளப்பி, "நிற்கிறாயா, விழுகிறாயா?" என்று கேட்கிற ஆய்வுக்கூடம் அது. அந்த மாதிரிகளைச் செய்கிற பட்டறைக்கு நான்தான் மேற்பார்வை.

நான் ஓய்வு பெற்றபின் அந்தத் தொட்டியை என் மருமகள் எடுத்துக்கொண்டாள். அதற்கு முன்பே என் மகனை எடுத்துக்கொண்டுவிட்டாள். இரண்டையும் என்னைவிட நன்றாகவே பராமரிக்கிறாள்.

அவள் செய்வது சாதாரணக் கப்பல் இல்லை. சனிக் கோளைச் சுற்றுகிற நிலவுகளில் பெரியது டைட்டன். அங்கே கடல் இருக்கிறது. தண்ணீர் அல்ல, தண்ணீர் அங்கே கல்லாகக் கிடக்கும். மைனஸ் நூற்றெண்பது டிகிரிக் குளிரில் மீத்தேன் வாயுவே திரவமாகி ஓடுகிறது, ஏரியாகிறது, கடலாகிறது. அந்தக் கடலில் ஓட ஒரு பாய்மரப் படகு. ஆள் இல்லாத படகு. ஒன்றரை மீட்டர் நீளம். என் மருமகள் இரண்டரை ஆண்டாக அதைத்தான் நினைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள், நினைத்துக்கொண்டு தூங்குகிறாள். ஒருநாள் நினைத்துக்கொண்டே என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க எனக்கு உலகம் மங்கல், அவளுக்கு உலகம் மூன்று மடங்கு பெரிது.

"இந்தக் காலத்துல போய்ப் பாயா? மோட்டார் வைக்க வேண்டியதுதானே?" என்று ஆரம்பத்தில் நான் கேட்டேன்.

"மாமா, அங்க வெயில் நம்ம ஊர்ல மாலை மசங்கின நேரம் மாதிரி இருக்கும். சோலார் தகடு வச்சா ஒரு பல்பு எரியாது. பேட்டரி கொண்டுபோனா பேட்டரியைச் சுமக்கவே படகு சரியாப் போயிடும். காத்து சும்மா கிடைக்குது. அதுவும் நம்ம காத்தைவிட நாலு மடங்கு கெட்டி."

"புயலே அடிக்கும்னு சொல்லு."

"இல்ல. மெதுவாத்தான் அடிக்கும். ஆனா கெட்டியா இருக்கறதால மெதுவா அடிச்சாலும் நல்லாத் தள்ளும்."

பாய்மரப் படகு காற்றுக்கு எதிராகவும் போகும் என்று சொன்னால் பலர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். குளிக்கும்போது ஈரச் சோப்பை இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்திப் பாருங்கள். எந்த விரலும் முன்னால் தள்ளவில்லை, ஆனாலும் சோப்பு முன்னால் பாய்ந்து குளியலறை மூலைக்குப் போய்விடும். படகும் அப்படித்தான். மேலே ஒரு விரல் காற்று, பாயை அழுத்துகிறது. கீழே ஒரு விரல் திரவம், படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டைப் பக்கவாட்டில் நகரவிடாமல் தடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பிதுங்கிப் படகு முன்னே போகிறது. சூத்திரம் எந்த உலகத்திலும் ஒன்றுதான். விரல்களின் பலம்தான் மாறும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு முட்டுக்கட்டை, 'பேட்டரி' என்று நாங்கள் வீட்டில் பெயர் வைத்திருந்த அவளுடைய சக விஞ்ஞானி. அவன் மோட்டார்ப் படகு செய்துகொண்டிருந்தான். இரண்டில் ஒன்றுக்குத்தான் அடுத்த கட்டம். வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தேர்வுக் குழு வந்து தொட்டியோரம் நின்று இரண்டையும் பார்க்கும். பாய்மரம் தோற்றால் மருமகளின் திட்டத்தை மூடிவிட்டு, அவளைப் பேட்டரியின் குழுவில் கணக்குப் பார்க்கிற உதவியாளாகப் போட்டுவிடுவார்கள். இதை அவள் எங்களிடம் ஒரே ஒரு முறை, தட்டைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னாள். பத்து நிமிடமாகியும் அவள் கையில் அதே தட்டுதான் இருந்தது.

அப்போதுதான் அவளுடைய பட்டறைக்காரர் கையை முறித்துக்கொண்டு படுத்தார். படகின் அடித்தகட்டில் மாட்டும் ஈயக் குண்டும், படகு எதுவரை முங்கும் என்று காட்டும் தண்ணீர்க் கோடும் மட்டும் பாக்கி. காற்று படகைச் சாய்க்கும்போது அந்தக் குண்டின் கனம்தான் அதை மறுபடி நிமிர்த்தும். "மாமா, உங்களால முடியுமா?" என்றாள்.

முடியுமாவா! எனக்கு இருபது வயது குறைந்துவிட்டது. முழங்கால் வலி என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே வெளியேறியது. வரைபடத்தைக் கையில் வாங்கி வார்ப்படப் பட்டறைக்குப் போகிற வழியில்தான் எனக்கு ஞானம் பிறந்தது. வரைபடத்தில் குண்டு பதினாலு கிலோ என்று இருந்தது. டைட்டனில் ஈர்ப்பு நமக்கு ஏழில் ஒரு பங்கு என்று இதே மருமகள்தானே சொன்னாள்? பதினாலு கிலோ அங்கே இரண்டு கிலோ மாதிரிதானே இருக்கும்? அப்படியானால் இங்கே தொட்டியில் சோதிக்கும்போது இரண்டு கிலோ அல்லவா வைக்க வேண்டும்? ஐயோ பாவம், வேலை மும்முரத்தில் பிள்ளை மறந்துவிட்டாள்!

சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அது திருத்தம். சொல்லாமல் செய்து, படகு அன்னம் மாதிரி ஓடியபின் மெதுவாக எடுத்துவிட்டால் அது பெருமை. நான் பெருமையைத் தேர்ந்தெடுத்தேன். உள்ளே மரக்கட்டை, மேலே மெல்லிய ஈயத் தோல், அதன்மேல் சாம்பல் வண்ணம். பார்வைக்கு அச்சு அசல் பதினாலு கிலோ. தகட்டில் நானே பூட்டி, யாரையும் தூக்கவிடாமல் நானே தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைத் தூக்க நான் எவ்வளவு முக்கினேன் தெரியுமா? நாடகக் குழுக்கள் என்னைத் தவறவிட்டுவிட்டன.

புதன்கிழமை காலை ஒத்திகை. என் சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். மகளின் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று முந்தின நாளே பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை வைக்கிற வேலை. அவர் தெருமுனையில் திரும்பினால் போதும், கடைக்காரர்களின் கை தானாக இரண்டு தக்காளியைக் கூடப் போட்டுவிடும். இன்றும் போடுகிறது. அவர் எங்கள் வீட்டுக்கு வருகிற வாரங்களில் எங்கள் காய்கறிச் செலவு பாதியாகிவிடும் என்று என் மகன் சத்தியம் செய்கிறான்.

படகைத் தொட்டியில் இறக்கினார்கள். மருமகள் குனிந்து பார்த்தாள்.

"என்ன மாமா, தண்ணிக் கோடு நாலு விரல் மேல நிக்குது?"

"கோடு போட்டது நான்தானேம்மா. கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்றேன்.

இது பொய். வாழ்க்கையில் நான் எத்தனையோ விஷயங்களைப் பெரிதாக்கிச் சொல்லியிருக்கிறேன், ஆனால் அது வேறு. பெரிதாக்குவதில் உண்மை கொழுக்கிறது, அவ்வளவுதான். இது சுத்தமான பொய். சொன்ன நொடியிலேயே நாக்கு கசந்தது.

விசிறிகளை ஓடவிட்டார்கள். டைட்டனில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அடிக்கிற கெட்டிக் காற்றும், இங்கே இரண்டு மீட்டர் வேகத்தில் அடிக்கிற நம் காற்றும் பாயை ஒரே அளவுதான் தள்ளும், அதனால் விசிறி இரண்டில் நின்றது. நின்றதுதான் தாமதம், படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, "இதற்குமேல் என்னால் ஆகாது" என்பதுபோலப் படுத்துவிட்டது. பாய் முழுக்க நனைந்தது. அடித்தகடு ஆகாயத்தைப் பார்த்தது. இன்னொரு முறை நிமிர்த்தினார்கள், இன்னொரு முறை படுத்தது. மூன்றாம் முறை விசிறி வேகமெடுப்பதற்குள்ளேயே படுத்தது. நான் கவிழ்த்த நாலாயிரத்தில் இவ்வளவு கீழ்ப்படிதலோடு விழுந்த கப்பல் வேறெதுவும் இல்லை.

மருமகள் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அழவில்லை. அதுதான் மோசம்.

"கணக்கு தப்பு மாமா. எங்கயோ அடியிலயே தப்பு. விழுற படகை வச்சுக்கிட்டு நாளைக்கு அவங்க முன்னாடி நிக்க முடியாது. அஞ்சு மணிக்குள்ள குழுவுக்கு எழுதிடறேன், நான் விலகிக்கறேன்னு."

எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். படகைக் கையால் சுற்றும் பளுதூக்கியில் மாட்டி மேலே எடுக்கும் வேலை எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் விழுந்தது. நான் கைப்பிடியைச் சுற்ற, அவர் படகு ஆடாமல் இருக்க அடியில் கைகொடுத்தார். கை சரியாக அந்தக் குண்டின் கீழே போனது.

"சம்பந்தி."

"சொல்லுங்க சம்பந்தியம்மா."

"இது எத்தனை கிலோ?"

"பதினாலு."

"என் கை ரெண்டுங்குது."

"பளுதூக்கி தாங்குதில்ல, அதான் லேசாத் தெரியுது."

"முப்பத்தோரு வருஷம் திருட்டு எடைக்கல்லைத் தூக்கின கைங்க இது. உள்ள என்ன வச்சிருக்கீங்க, மரமா?"

கைப்பிடியை விட்டுவிட்டேன். நல்லவேளை, பளுதூக்கிக்கு என்னைவிட நாணயம் அதிகம், தானாகவே பூட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கடைக்காரனிடம் கேட்பதுபோலப் பொறுமையாகக் கேட்டார்.

"ஏன் ரெண்டு கிலோ?"

"அங்க எடை ஏழுல ஒரு பங்குதானேங்க."

"எதோட எடை?"

"எல்லாத்தோட எடையும்தான்."

"அப்ப அந்தக் கடலோட எடை?"

நான் தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"படகு மிதக்கறதுங்கறது ரெண்டு தட்டுத் தராசு சம்பந்தி. இந்தத் தட்டுல படகு, அந்தத் தட்டுல அது ஒதுக்கித் தள்ற தண்ணி. டைட்டனுக்குக் கொண்டுபோனா ரெண்டு தட்டுமே ஒரே மாதிரி லேசாயிடும். முள்ளு அசையுமா? அசையாது. ஈர்ப்பை மட்டும் வச்சுப் பாத்தா, இங்க எவ்வளவு ஆழம் முங்குமோ அதேதான் அங்கயும். மீத்தேன் தண்ணியைவிட லேசுங்கறது வேற கணக்கு, அதை அவ பாத்துக்குவா. நீங்க ஒரு தட்டுல மட்டும் கைய வச்சிட்டீங்க. படகு தக்கை மாதிரி மேல தூக்கிக்கிச்சு, பிடிச்சு நிமிர்த்த அடியில கனமும் இல்ல. விழாம என்ன செய்யும்?"

முப்பத்துநான்கு ஆண்டு தண்ணீரோடு குடும்பம் நடத்தியவன் நான். தண்ணீருக்கும் எடை உண்டு என்று ஒரு தராசுக்காரம்மா எனக்குச் சொல்லித்தர வேண்டியதாயிற்று. என்ன செய்வது, நான் பார்த்த தண்ணீர் எல்லாம் ஒரே உலகத்துத் தண்ணீர்.

"ஆனா காத்து?" என்றேன், கடைசி முயற்சியாக. "காத்துக்குமா எடை குறைஞ்சிடும்?"

அவர் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார். "அது நல்ல கேள்வி. காத்து தள்ளுறது எடையால இல்லையே, வேகத்தால. அது குறையாது. அப்ப நிமிர்ந்து நிக்கறதுங்கறது வேற தராசு. ஒரு தட்டுல குண்டு, இன்னொரு தட்டுல காத்து. அதுல குண்டு மட்டும்தான் லேசாகும். நீங்க பாதி சரி சம்பந்தி. அந்தப் பாதியை வச்சுத்தான் முழுசாக் கெடுத்திருக்கீங்க. வாங்க போவோம்."

"எங்க?"

"எங்கயா? அவ கடிதத்தை அனுப்பறதுக்குள்ள."

மாடிப்படி இருபத்தாறு. நான் நாலு நாலாகத் தாவினேன். (சம்பந்தியம்மா இதைப் படித்தால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று இடத்தில் நின்றேன் என்பார். அவர் அளவெடுப்பவர், அப்படித்தான் சொல்வார்.) அறையில் கணினித் திரையில் கடிதம் முக்கால்வாசி முடிந்திருந்தது. 'வருத்தத்துடன்' என்ற சொல்லில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

"அனுப்பாதம்மா. கணக்கு தப்பில்ல. நான்தான் தப்பு" என்றேன். குண்டு, மரக்கட்டை, தண்ணீர்க் கோடு, பொய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். எதையும் பெரிதாக்கவில்லை. பெரிதாக்க அதில் இடமே இல்லை.

மருமகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் நாற்பத்திரண்டு ஓடுகள்.

"ரெண்டு கிலோவா? சரியா ரெண்டா?"

"ரெண்டு கிலோ முப்பது கிராம்" என்றார் சம்பந்தியம்மா.

அவள் ஒரு தாளை இழுத்து எழுத ஆரம்பித்தாள். அரைப்பக்கம் ஓடியது. பேனா நின்றது. நிமிர்ந்தபோது முகத்தில் விளக்குப் போட்டதுபோல இருந்தது.

"ஒண்ணே முக்கால் மீட்டர் காத்துல விழணும்னு வருது! விசிறி ரெண்டைத் தொட்டதும் விழுந்துச்சுல்ல? அம்மா, அது விழத்தான் வேணும்! விழாம நின்னிருந்தாத்தான் என் கணக்கு தப்பு!"

எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நானும் கையை லேசாக விரித்தேன்.

"உங்க மேல எனக்கு வர்ற கோவத்தை வெள்ளிக்கிழமைக்கு வச்சுக்கறேன் மாமா. இப்ப நேரமில்ல. எனக்குப் பதினாலு கிலோ வேணும்."

வார்ப்படப் பட்டறைக்காரர் குண்டை உடைத்து, மரத்தைப் பிடுங்கி, முழுக்க ஈயம் ஊற்றித் தந்தார். "போன வாரம் நான் சொன்னேன்ல, மரம் எதுக்குன்னு?" என்று மட்டும் கேட்டார். எல்லோரும் என்னைவிடப் புத்திசாலிகளாக இருந்த நாள் அது.

மாலை நாலரைக்குப் படகைத் திரும்ப இறக்கினோம். கோட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. விசிறி ஓடியது. படகு லேசாகச் சாய்ந்து, காற்றுக்கு எதிராகவே ஏறி, தொட்டியின் மறுமுனை வரைக்கும் ராணிபோலப் போய்த் தானாகவே திரும்பி வந்தது. நான் கைதட்டினேன். மருமகள் தட்டவில்லை.

"ரொம்ப நல்லா நிக்குது" என்றாள்.

"நல்லதுதானே?"

"இங்க பூமி பிடிச்சு நிமிர்த்துது மாமா. அங்க ஏழுல ஒரு பங்கு பலத்துலதான் நிமிர்த்தும். குழுத் தலைவி முதல் கேள்வியா அதைத்தான் கேப்பாங்க. தாள்ல கணக்கு இருக்கு. காட்டுவேன். ஆனா தாளை நம்பறதும் கண்ணால பாக்கறதும் ஒண்ணா?"

சம்பந்தியம்மா தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு, தூக்குக்கோல் பாத்திருக்கியா? நீளக் கம்பு, ஒரு முனையில சாமான், மறு பக்கம் ஒரே ஒரு கல்லு. கம்புல கல்லை நகத்தி நகத்தி எடை போடுவாங்க. அதுல திருடறவன் கல்லைத் தொடவே மாட்டான். கல்லுல என் முத்திரை இருக்கும். என்ன பண்ணுவான் தெரியுமா? கம்பைத் தூக்கிப் பிடிக்கிற இடத்தை ஒரு விரல் நகத்திடுவான். கல்லு அதே கல்லு. ஆனா பலம் போயிடும்."

"குண்டை மேல ஏத்தணும்" என்றாள் மருமகள் மெல்ல. "எடை அப்படியே இருக்கும், அதனால முங்கற ஆழம் மாறாது. ஆனா கீழ தொங்குற தூரம் குறைஞ்சா நிமிர்த்தற பலம் குறையும். ஏழுல ஒண்ணா ஆக்கிடலாம். இதை நான் யோசிக்காம இல்லம்மா."

"அப்புறம் ஏன் செய்யல?"

"பயம். அப்படி வச்சா சரியா அங்க நிக்கற மாதிரி நிக்கும். அங்க விழும்னா இங்கயும் விழும். அவங்க கண்ணு முன்னாடி."

குண்டு கீழேயே இருந்தால் நாளைக்குப் படகு நிச்சயம் ஓடும், யாராவது கேட்டால் தாளைக் காட்டலாம். மேலே ஏற்றினால், அவளுடைய கணக்கில் ஒரு புள்ளி பிசகியிருந்தாலும் இரண்டரை ஆண்டு தண்ணீரில். நான் வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது யோசனை சொல்வேன். அன்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"அங்க போய் விழறதுக்கு இங்கயே விழட்டும்" என்றாள் மருமகள். "மாமா, தகட்டுல மேல ரெண்டு ஓட்டை போடணும். நான் குறிச்சுத் தர்ற இடத்துல. மில்லிமீட்டர்கூட நகரக்கூடாது."

"உங்கம்மாவே பக்கத்துல நின்னு அளக்கட்டும்" என்றேன்.

"நிப்பேன்" என்றார் சம்பந்தியம்மா.

வியாழன் காலை ஆறு மணிக்குக் காவலாளி கதவைத் திறக்க, முதல் ஆளாக நுழைந்தோம். இப்போது குண்டு படகின் வயிற்றை ஒட்டி இருந்தது. விசிறி இரண்டில் படகு ஓடியது, ஆனால் நடையே மாறிவிட்டது. ஒவ்வொரு சாய்வும் நிதானமாக, தூக்கக் கலக்கத்தில் புரண்டு படுப்பதுபோல. திடீர்க் காற்றுக்காக விசிறியை மூன்றுக்கு ஏற்றினாள். படகு படுத்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் முழங்கால்வரை நனைந்து தொட்டியின் ஆழமில்லாத ஓரத்தில் நின்றுகொண்டு, பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயம் இல்லை. கை வேலை செய்யும்போது பயத்துக்கு உட்கார இடம் இருக்காது.

"மூணுல விழும்னு கணக்குலயே இருக்கு. பாய் காத்தைப் பிடிச்சுக்கிட்டே இருக்கறதுதான் பிரச்சினை. பலமா அடிச்சா விட்டுடணும். மாமா, ரப்பர் ஏதாவது இருக்கா?"

என் சட்டைப்பையில் எப்போதும் ரப்பர் பட்டை இருக்கும். ஓய்வு பெற்றவனின் பையில் என்னதான் இருக்காது! கயிற்றின் நடுவில் ரப்பரை வைத்துக் கட்டினாள். இனிப் பலத்த காற்று அடித்தால் ரப்பர் நீளும், பாய் விலகிக் காற்றை வழியவிடும், காற்று தணிந்தால் தானாகத் திரும்பும். ஆறு முறை சோதித்தோம். நாலு முறை நின்றது. ரப்பரை இரட்டிப்பாக்கினாள். மறுபடி ஆறு முறை. ஆறும் நின்றது. மணி பத்தரை. உலர்ந்த காலுறை யாரிடமும் இல்லை.

பதினொரு மணிக்குக் குழு வந்தது. ஐந்து பேர். தலைவி, சிரிப்புக்கு வரி கட்டவேண்டும் என்பதுபோன்ற முகம் உள்ள அம்மாள். முதலில் பேட்டரியின் படகு. டுர்ரென்று போனது, டுர்ரென்று வந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது. அலுப்பைத் தவிர.

அடுத்தது எங்களுடையது. மருமகள் எதையும் மறைக்கவில்லை. குண்டை ஏன் மேலே ஏற்றியிருக்கிறோம் என்று இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். "இது இங்க ஓடற படகு இல்ல மேடம். டைட்டன்ல நிக்கற பலத்தோட நிக்குது. விழுந்தா, அங்கயும் விழும்."

தலைவியின் புருவம் ஒரு நூல் உயர்ந்தது.

படகு புறப்பட்டது. காற்றுக்கு எதிராக, சோம்பலாக, அழகாக. பாதித் தொட்டியில் மருமகள் விசிறியை மூன்றுக்குத் தட்டினாள். படகு சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. பாயின் நுனி தண்ணீரைத் தொட்டது. என் நெஞ்சு நின்றுவிட்டது, குறைந்தது ஒரு மணி நேரம். ரப்பர் நீண்டு, பாய் விலகி, காற்று வழிந்தது. படகு அப்படியே கிடந்தது. விழவும் இல்லை, எழவும் இல்லை. சம்பந்தியம்மா என் முழங்கையைப் பிடித்த பிடியில் இன்றும் அங்கே ஐந்து விரல் தெரியும்.

பிறகு மெதுவாக, மிக மெதுவாக எழ ஆரம்பித்தது. ஏழில் ஒரு பங்கு பலத்தோடு எழுகிற ஒன்றை நீங்கள் பார்த்ததில்லை. அதற்கு அவசரமே கிடையாது. ஆனால் சந்தேகமும் கிடையாது. நிமிர்ந்து, பாயை உதறிக்கொண்டு, போன வழியே போனது.

"ஏன் இவ்வளவு மெதுவா எழுது?" என்றார் தலைவி.

"அங்கயும் இப்படித்தான் எழும் மேடம்."

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவை சாய்ந்து எழுந்தது. "இன்னொரு தடவை" என்று அவர் சொன்னபோது குரல் மாறியிருந்தது. நாலாவது தடவை அவர் காலணியைக் கழற்றிவிட்டுத் தொட்டியின் விளிம்பில் குந்தியிருந்தார், மீன் பார்க்கிற குழந்தைபோல. முதலில் கைதட்டியது பேட்டரி. "என் படகு பேட்டரி தீர்ந்தா நின்னுடும். இது காத்து தீர்ந்தாத்தான் நிக்கும்" என்றான். நல்ல பையன். அவனுக்கு வேறு பெயர் வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.

பிறகு சோதனைப் பதிவேட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார் தலைவி. ஒரு பக்கத்தில் நின்றார்.

"புதன்கிழமை காலை, மூணு தடவை கவிழ்ந்திருக்கு. 'காரணம்'ங்கற கட்டத்துல 'மாமனார்'னு போட்டிருக்கு. இது ஏதாவது தொழில்நுட்பச் சொல்லா?"

"ஆமா மேடம்" என்றாள் மருமகள், கண் இமைக்காமல். "எடை சம்பந்தப்பட்டது."

நான் பின்வரிசையில் எழுந்து நின்றேன். "நான்தாங்க அந்தக் காரணம்."

தலைவி என்னைத் தலையிலிருந்து நனைந்த காலுறைவரை பார்த்தார். பிறகு, வரி கட்டினாலும் பரவாயில்லை என்று, சிரித்தே விட்டார்.

மூன்று மணிக்கு முடிவு சொன்னார்கள். பாய்மரத்துக்கு அடுத்த கட்டம், இரண்டு ஆண்டு. தொட்டி மருமகளுடையது. பேட்டரியின் சின்ன மோட்டார் ஒன்று காற்றில்லாத நாளுக்குத் துணையாகப் படகில் இருக்கும், அவன் அவளுடைய குழுவில் சேர்வான். அடுத்த சோதனை நிஜமான திரவ மீத்தேனில், நிஜமான குளிரில். அதிலும் நின்றால் ஒருநாள் ராக்கெட்டில் ஏறும். போய் இறங்க ஏழு ஆண்டு. அங்கே படகு சாய்ந்தால், அந்தச் செய்தி இங்கே வந்துசேரவே ஒரு மணி இருபது நிமிடம் ஆகுமாம். அதற்குள் அது தானாக எழுந்திருக்கும்.

வெளியே வந்தபோது நான் மருமகளிடம், "அந்தப் பதிவேட்டுப் பக்கத்துக்கு ஒரு நகல் கிடைக்குமா? சட்டம் போட்டு மாட்டணும்" என்றேன். வேற்று உலகக் கடலில் ஓடப்போகிற படகின் அரசாங்க ஆவணத்தில் என் பெயர், அதாவது என் உறவு, ஏறியிருக்கிறது. எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"பெருமையைப் பாரு!" என்றார் சம்பந்தியம்மா. "கவுத்ததுக்குச் சட்டம் போடறவரை இப்பத்தான் பாக்கறேன்."

மருமகள் நடைபாதையில் நின்று, தாளைச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மீத்தேன் கடலுக்காகக் கொஞ்சம் அகலமான வயிறுள்ள ஒரு படகை வரைந்துகொண்டிருந்தாள்.